சிவப்பு வண்டிக்கு நான் போட்ட ஃபைபர்

பத்து வருஷமாக நானும் பாயும் ஒரே விஷயத்துக்காகத்தான் சண்டை போட்டோம். என் வண்டி நல்ல வண்டியா, அவன் வண்டி நல்ல வண்டியா? இரண்டும் ஜப்பான்காரன் கார்கள். ஒரே காலத்தில் வந்து, ஒன்றை ஒன்று தோற்கடிக்கவென்றே சந்தையில் இறங்கியவை. கம்பெனிப் பெயரை நான் எழுதப்போவதில்லை. இரண்டு கட்சியிலும் வெறிபிடித்த ஆட்கள் இருக்கிறார்கள், வீடு தேடி வந்துவிடுவார்கள். என்னுடையது வெள்ளை, அவனுடையது சிவப்பு. அது போதும்.

நான் காசிமேட்டுப் பக்கம் ஃபைபர் படகு பழுது பார்க்கிறவன். பாறையில் இடித்ததோ, கரையில் ஏற்றும்போது அடி தேய்ந்ததோ, படகைக் கவிழ்த்துப் போட்டு, துணி மாதிரி இருக்கும் ஃபைபர் மேட்டை விரித்து, மேலே ரெசின் பூசி அடைத்துக் கொடுப்பேன். பாய் தண்டையார்பேட்டையில் பழைய பேரிங் கடை வைத்திருப்பவன். ஐம்பதைத் தாண்டிய இரண்டு ஆட்கள், இருபதை நெருங்கிய இரண்டு கார்கள். "நாலு கிழடும் எங்க கிளம்பிட்டீங்க?" என்பாள் என் வீட்டம்மா.

என் வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கு இன்ஜின் சின்னது. நாலாயிரம் ஆர்.பி.எம். வரைக்கும் தூங்குமூஞ்சி. அதற்கு மேல் மிதித்தால் சத்தமே மாறிவிடும், ஏழாயிரம் வரை விடாமல் ஏறும், முதுகுத்தண்டு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஒரே சிக்கல், நாலாயிரத்தைத் தொட எங்கள் பக்கம் ரோடு கிடையாது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் ரோடு நெடுக நிற்கும். அந்த லாரிகளுக்கு நடுவில் நானும் என் ஏழாயிரமும் முதல் கியரில் நகர்ந்துகொண்டிருப்போம். போதாததற்கு வண்டியின் வயிறு தரையோடு ஒட்டியது. ஸ்பீடு பிரேக்கரைக் கண்டால் கோணலாகத் திருப்பி, ஒவ்வொரு டயராக ஏற்றி இறக்க வேண்டும். பின்னால் நிற்கும் லாரிக்காரன் நம் குடும்பத்தையே விசாரிப்பான்.

சிவப்பு வேறு ரகம். இன்ஜின் கொஞ்சம் பெரியது, அடியிலிருந்தே இழுக்கும். இரண்டாவது கியரில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் டயருக்கு அடியில் மணலா ஜல்லியா என்று கைக்குத் தெரியும். வளைவில் என் வண்டி கொஞ்சம் சாய்ந்து யோசிக்கும், சிவப்பு யோசிக்காது. குறை என்று தேடினால் கிளட்ச் கனம், ஒரு மணி நேரம் லாரிகளுக்கு நடுவில் நின்றால் இடது கால் கெஞ்சும். இதையெல்லாம் இப்போது தாராளமாக எழுதுகிறேன். அந்தப் பத்து வருஷத்தில் ஒரு நாளாவது அவன் முகத்துக்கு நேரே சொன்னேனா என்றால், இல்லை.

எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் சந்திப்போம். சாவியை மாற்றிக்கொள்வோம். அவன் வெள்ளையிலும் நான் சிவப்பிலுமாக எண்ணூர் வரை போய்த் திரும்புவோம். அந்த நேரத்தில்தான் லாரிகள் ஒரு பக்கமாக ஒதுங்கி, கடலோரமாகக் கொஞ்சம் ரோடு கண்ணில் படும். திரும்பி வந்ததும் டீயில் வாய் வைப்பதற்கு முன்னால், எதிராளி வண்டியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் பாய்தான்.

அவன் ஒழுங்காகச் சொல்வான். "நாலாயிரத்த தாண்டினா உன் வண்டி பாடுது நைனா. எனக்கு கைல முடி நட்டுக்கிச்சு" என்பான். அடுத்த வாரம், "கியரு இன்னா ஸ்மூத்தா விய்து, வெண்ணெல கத்தி உட்டா மாதிரி" என்பான். நானோ கஞ்சன். பொய் சொல்லமாட்டேன், உண்மையையும் சொல்லமாட்டேன். "ஆரன் நல்லா கீது பாய்." "டிக்கி பெர்சு." "ரேடியோ கிளியரா கேக்குது." டீக்கடைக்காரர் சிரிப்பார். பாயும் சிரித்துவிட்டு, "இன்னிக்கும் ஆரனா? செரி, குடி" என்பான்.

ஒரு முறை கொடுங்கையூர் குப்பைமேட்டைச் சுற்றிப் போட்டி வைத்தோம். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியை உள்காற்றில் போட்டு, யார் வண்டிக்குள் நாற்றம் முதலில் நுழைகிறது என்று பார்ப்பது. என் வண்டிக்குள் மேடு கண்ணில் படுவதற்கு முன்பே வந்துவிட்டது. பாய் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, சட்டையை முகர்ந்து காட்டி, "அத்தர் வாசன அப்டியே கீது" என்றான். காற்று எனக்கு எதிராக அடித்தது என்று நான் ஒரு மணி நேரம் வாதாடினேன். அவன் கதவு ரப்பர் அவ்வளவு இறுக்கம். அதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் அவன் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. சிவப்பு இரண்டு நாள் அதில் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு போனேன். பாய் கடைப் படியில் உட்கார்ந்திருந்தான், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றார் அவன் வீட்டம்மா. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். வண்டித் தரையின் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால் தகரத்தில் அங்கங்கே துரு, ஊசி ஊசியாக ஓட்டைகள். உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இது வருவதுதான். டிங்கர் கடைக்குக் கொண்டுபோய்த் தகரம் வெட்டி வெல்டிங் வைக்கலாம் என்று பாய் சொன்னான்.

"டிங்கரு இன்னாத்துக்கு? நான் இல்ல?" என்றேன்.

அவனைத் தடுத்தது நான்தான். இதை யாரும் எனக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

இரண்டு நாள் மெனக்கெட்டேன். சீட்டுகளைக் கழற்றி, கார்ப்பெட்டை உரித்து, தகரத்தைத் தேய்த்து, இரண்டு அடுக்கு மேட் போட்டு ரெசின் பூசினேன். பிறகு வண்டிக்கு அடியில் படுத்தேன். அங்கே கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான தகரத்திலும், ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. துருப்பிடித்தவை இல்லை. ஒரே அளவாக, வரிசையாக இருந்தன. அந்த வரிசையைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். முப்பது வருஷமாகப் படகுக்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவனுக்கு ஓட்டை என்றால் ஒரே எண்ணம்தான். ஒன்று விடாமல் அடைத்தேன். கடைசி ஓட்டையை அடைத்துவிட்டு எழுந்து, "இப்ப கடல்ல தள்ளு பாய், மெதக்கும்" என்றேன். பாய் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சட்டையெல்லாம் ரெசின்.

என் வெள்ளைக்கும் அதே மாதிரி செய்வதாகத்தான் இருந்தேன். ரெசின் தீர்ந்துவிட்டது. அடுத்த மழைக்குள் செய்துகொள்ளலாம் என்று விட்டேன், அப்புறம் சோம்பல். என் சோம்பலால் ஒரு கார் பிழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்கும் சிவப்புக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. படகு கொண்டுவந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

போன வருஷம் சிவப்புக்கு எஃப்.சி. புதுப்பிக்கும் காலம் வந்தது. பழைய வண்டிகளை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதி இருக்கிறது என்று சான்று வாங்க வேண்டும். அக்காவுக்கு முட்டி வலி. அந்தத் தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டும். அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "கவர்மெண்ட்டு இந்த வண்டி நல்லா கீதுன்னு எய்திக் குடுத்தா, இன்னும் அஞ்சு வருஷம் நான் வாயே தொறக்கல. குடுக்கலன்னா இத்த ஒடைக்கப் போட்ருணும். செரியா?" பாய் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான். தன்னுடைய சந்தோஷத்துக்கென்று அவன் வாங்கிய ஒரே பொருள் அது. மற்றதெல்லாம் கடைக்கு, வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போவதற்கு முன் பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா அதில் உட்கார்ந்திருப்பான். நான் பார்த்திருக்கிறேன்.

வாக்குக் கொடுத்தவனுக்குக் கொஞ்சமும் பயமில்லை. "நீ போட்ட ஃபைபர் கீதே நைனா" என்றான்.

சான்றுக்குக் கொண்டுபோகும் முன், பெயின்ட் உரிந்த இடங்களைச் சரிசெய்ய ஒரு புதன்கிழமை காலை தண்டையார்பேட்டையில் ஒரு டிங்கர் பட்டறைக்குப் போனோம். டிங்கர் எங்கள் இருவருக்கும் தெரிந்தவர்தான். ஓரத்தில் ஜாக்கியை வைத்து ஏற்றினார். வண்டி ஏறவில்லை. ஜாக்கி ஏறியது. கதவுக்குக் கீழே இருந்த தகரத்தை அப்பளம் மாதிரி நொறுக்கிக்கொண்டு உள்ளே போனது. அந்த ஓட்டை வழியாகப் பழுப்புத் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. கொஞ்சமில்லை, ஒரு வாளி இருக்கும். இரண்டு மழையின் தண்ணீர், உப்போடு சேர்ந்து உள்ளேயே ஊறிக் கிடந்திருக்கிறது.

டிங்கர் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு இடமாகக் குத்திப் பார்த்தார். பின் சக்கரத்தைத் தாங்கும் இடம் வரை போனது. என் ஃபைபர் மட்டும் அசையவில்லை. அது பிடித்துக்கொண்டிருந்த இரும்புதான் காணாமல் போயிருந்தது.

"மய பெய்ஞ்சா கண்ணாடி வயியா கதவுக்குள்ளயும், அடியில இந்தப் பொட்டிக்குள்ளயும் தண்ணி எறங்கும். அது வெளிய போவத்தான் கம்பெனிக்காரன் கீய ஓட்ட உட்டு வச்சிருக்கான். யாருப்பா இத்த அடைச்சது?" என்று கேட்டார் டிங்கர்.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் பாய், "நான்தான்" என்றான்.

"உனக்கு அறிவு கீதா பாய்?"

"இல்ல, இன்னா பண்ண சொல்ற" என்றான் பாய். டிங்கர் அவனை இன்னும் கொஞ்ச நேரம் திட்டினார். பாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். நான் பக்கத்தில் நின்றேன். "அவன் இல்ல, நான்" என்று சொல்ல இரண்டே நொடி போதும். சொல்லவில்லை. தகரம் ஒட்டி ஒப்பேற்றலாமா என்று பாய் கேட்டபோது, "சக்கரம் குந்துற எடமே போச்சு. நான் ஒட்டிக் குடுத்து, நீ அக்காவ இட்டுகினு போவும்போது பொட்டுனு வுட்டுச்சுன்னா?" என்றார் டிங்கர். பாய் அதற்கு மேல் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் எனக்கு அவன் மேலேயே கோபம் வந்தது. "உன்ன யாரு நான்தான்னு சொல்ல சொன்னது? பெரிய கர்ண மகாராசாவா நீ?" என்று கத்தினேன். அவன் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான். தப்புச் செய்தவன் கத்தினேன், வண்டியை இழந்தவன் சும்மா போனான். இப்போது நினைத்தாலும் எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை டீக்கடைப் பக்கமே போகவில்லை. யாராவது சொல்லிவிடுவார்கள் என்று பயம். எதிராளி வண்டியை வேண்டுமென்றே கெடுத்துவிட்டான் என்று ஒருவன் சொன்னால் போதும், நான் என்ன பதில் சொல்வேன்? படகுக்கு அடியில் படுத்திருந்தாலும் அந்தப் பழுப்புத் தண்ணீர் கொட்டும் சத்தம்தான் கேட்டது. வீட்டில் சோறு உப்பில்லை என்று சத்தம் போட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது.

நான்காவது வாரம் சனிக்கிழமை மதியம், திருவொற்றியூரில் என் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல லாரிகள். எனக்கு இரண்டு வண்டி முன்னால் ஒரு தட்டு லாரி, அதன் மேல் சிவப்பு. கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நம்பர் பிளேட் கழற்றியிருந்தது. பின் கண்ணாடியில் அக்கா ஒட்டிய பிறை ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்தது. சுங்கச்சாவடி வரை முக்கால் மணி நேரம் அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். நடுவில் பக்கத்தில் இடம் கிடைத்தது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். முந்த மனம் வரவில்லை. லாரி இடது பக்கம் திரும்பிப் போனது. நான் ஓரம் கட்டி, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு அழுதேன். வெள்ளையின் கதவு ரப்பர் சரியில்லை, வெளியே கேட்டிருக்கும்.

மறுநாள் ஆறு மணிக்கு டீக்கடைக்குப் போனேன். பாய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மூன்று வாரமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனதாக டீக்கடைக்காரர் சொன்னார். என் சாவியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். அவன் பழக்கத்தில் சட்டைப் பையைத் தடவினான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"அடைச்சது நான் பாய். அன்னிக்கே டிங்கராண்ட நான் சொல்லி இருக்கணும்" என்றேன்.

"நீ சொல்லுவன்னு தெர்ஞ்சுதான் நான் முந்திகினேன்" என்றான். "பட்டறைல ஏயெட்டு பேரு நின்னுகினு இருந்தாங்க. ஓட்டயப் பத்தி தெரியாதவன்னு நாலு பேரு பேசினா, நாளைக்கு எவன் உங்கிட்ட படகு குடுப்பான்? அந்தப் படகுல ஆளு கடலுக்குப் போறான் நைனா. என்து போனா ஒரு வண்டி."

டீ வந்தது. இருவரும் எடுக்கவில்லை. சட்டம் சட்டம்தான். அவன் ஓட்ட வண்டி இருந்தது, நான் ஓட்ட இல்லை. ஆனாலும் என் முறை பாக்கி இருந்தது.

"உன்துதான் நல்ல வண்டி பாய்" என்றேன். "மொத நாள்லேந்தே எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கு, இய்ப்பு, பிரேக்கு, எல்லாத்துலயும். என்து சத்தம் மட்டுந்தான். குப்பமேட்டாண்டயும் நீதான் ஜெயிச்ச. காத்து எதிர்த்து அடிக்கல."

பாய் என்னையே பார்த்தான். அவன் கண் கலங்கியதா, டீ ஆவியா, தெரியவில்லை. "பத்து வருசம்" என்றான். "பத்து வருசமா ஆரன், ஆரன், ஆரன். பாவி, வண்டி இருந்தப்பவே சொல்லி இருக்கக் கூடாதா? ஒரு நாளு ஷோக்கா தூங்கி இருப்பேன்."

அவன் சொன்னது சரி.

திங்கட்கிழமை டிங்கர் பட்டறைக்குப் போய், அங்கிருந்தவர்கள் எல்லோர் காதிலும் விழும்படி, அடைத்தது நான்தான் என்று சொன்னேன். டிங்கர் சுத்தியலைக் கீழே வைக்காமலே, "தெரியும்பா" என்றார். "அவ்ளோ நைஸா ஃபைபர் போட பேரிங் கடைக்காரனுக்கு எப்டி வரும்? பாயி சொல்லிச்சேன்னு உட்டுட்டேன்." பட்டறையில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. அதற்காக யாரும் என்னிடம் படகு கொடுப்பதை நிறுத்தவில்லை. ஒருவர் மட்டும், "நம்ம படகுல எதுவும் ஜப்பான் ஓட்ட இல்லையே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது பாய் வீட்டில் உயரமான ஒரு வண்டி நிற்கிறது. அக்கா யாருடைய கையும் இல்லாமல் ஏறி இறங்குகிறார். பாய் அதைப் பற்றி நல்லதும் சொல்வதில்லை, கெட்டதும் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன்தான் வெள்ளையை ஓட்டுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். நாலாயிரத்தைத் தாண்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான்.

கிளம்புவதற்கு முன் அவன் ஒரு வேலை செய்கிறான். நான் சொல்லி அல்ல, அவனாகவே ஆரம்பித்தது. சட்டைப் பையில் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வைத்திருக்கிறான், சாவி இருந்த அதே பையில். வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் மல்லாந்து படுத்து, என் வண்டிக்கு அடியில் தலையை நுழைத்து, ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி, மண்ணையும் உப்பையும் எடுத்துவிடுகிறான். மொத்தம் பதினாறு ஓட்டை. எழுந்திரு பாய், நான் செய்கிறேன் என்றால், "நீ கைய வைக்காத" என்கிறான். போன வாரம் முந்தின நாள் நல்ல மழை. அவன் கம்பியை விட்டதும் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் அவன் முகத்திலேயே ஒழுகியது. துடைக்காமல், அங்கே படுத்தபடியே, "வர்து நைனா, தண்ணி வெளிய வர்து" என்றான்.